கோப்பு இருந்தும் 'இல்லை' என்கிறதா உங்கள் சி நிரல்? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சி மொழியின் நூலகத்தில் "இந்தக் கோப்பு இருக்கிறதா?" என்று கேட்பதற்கென்றே ஒரு ஃபங்ஷன் கிடையாது. சி++ மொழிக்கு 2017-ஆம் ஆண்டுத் தரத்தில் அது வந்துவிட்டது. சி-க்கு இன்னும் வரவில்லை. அதனால் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் எஃப்ஓப்பன் போட்டு, நல் (வெற்றுப் பாயின்டர்) திரும்புகிறதா என்று பார்ப்பார். இன்னொருவர் ஆக்சஸ் என்பார். மூன்றாமவர் ஸ்டாட்தான் சரி என்று அடித்துச் சொல்வார்.

மூன்றும் கேட்பது வேறு வேறு கேள்வி. எஃப்ஓப்பன் கேட்பது, "இதை இப்போது என்னால் திறக்க முடியுமா?" ஆக்சஸ் கேட்பது, "இந்த நிரலை ஓடவிட்ட ஆளுக்கு இதன்மேல் உரிமை உண்டா?" ஸ்டாட் கேட்பது, "இந்தப் பாதையின் முனையில் என்ன இருக்கிறது, விவரம் சொல்." பத்து விதமான காரணங்களுக்கு மூன்றுமே "முடியாது" என்ற ஒரே முகத்தைத்தான் காட்டும். நாம் அதை "கோப்பு இல்லை" என்று மொழிபெயர்த்துத் திரையில் அச்சிட்டுவிடுகிறோம். சிக்கலில் பாதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வரியை மாற்றுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தோல்வி நடக்கும் இடத்தில் மூன்று விஷயங்களை அச்சிட வேண்டும்: சதுர அடைப்புக்குறிகளுக்குள் நிரல் தேடிய பாதை; எர்நோ மாறியின் எண், அதாவது தோல்விக்கான காரண எண்; நிரல் அப்போது நிற்கும் ஃபோல்டர், அதாவது கெட்சிடபிள்யூடி தருவது. வெளியீடு இப்படி வரும்:

பாதை: [மதிப்பெண்கள்]
எர்நோ: 2
நிற்கும் இடம்: /ஹோம்/மாணவர்/பில்ட்

அடைப்புக்குறி அலங்காரத்துக்காக இல்லை. ஏன் என்று கீழே தெரியும். எர்நோவை எஃப்ஓப்பன் தோற்ற அடுத்த வரியிலேயே ஒரு இன்ட் மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பிரின்ட்எஃப் புகுந்தாலும் அது தன் பங்குக்கு எர்நோவை மாற்றிவிடலாம். இன்னொன்று: தோல்வி என்று உறுதியான பிறகுதான் எர்நோவைப் பார்க்க வேண்டும். வெற்றி பெற்ற அழைப்பு பழைய எண்ணை அழித்துச் சுழியமாக்காது. எஃப்ஓப்பன் எர்நோவை நிரப்பியே ஆக வேண்டும் என்று சி தரம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றும் நிரப்புகின்றன. அது போதும்.

லினக்ஸில் அடிக்கடி வரும் எண்கள்: 2 என்றால் அந்தப் பாதையில் எதுவும் இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 20 என்றால் பாதையின் நடுவில் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. 24 என்றால் திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிட்டது. 36, பெயர் அளவுக்கு மீறி நீளம். இவற்றில் 2-உம் 20-உம் மட்டுமே "கோப்பு இல்லை" என்று சொல்லத் தகுந்தவை. மற்றதற்கெல்லாம் அப்படி அச்சிட்டால் நிரல் பொய் சொல்கிறது. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்ட்ர்எர்ரர் ஃபங்ஷன் அதைச் சொற்றொடராக மாற்றித் தரும்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் எண் 2

பத்தில் ஏழெட்டு தடவை இது நிற்கும் இடத்தின் கோளாறு. "மதிப்பெண்கள்" என்று வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் அதைத் தன் .சி கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தேடாது. இயக்கக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலும் தேடாது. நிரலை ஓடவிட்ட நேரத்தில் எந்த ஃபோல்டரில் நின்றீர்களோ அங்கே தேடும். டெர்மினலில் ஒரு படி மேலே நின்றுகொண்டு ./பில்ட்/நிரல் என்று அடித்தால் தேடல் நடப்பது மேல் ஃபோல்டரில்.

ஐடிஇ-யில் (நிரல் எழுதி ஓடவிடும் மென்பொருளில்) இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். விஷுவல் ஸ்டூடியோ டீபக் செய்யும்போது இயல்பாக புராஜெக்ட் ஃபோல்டரில் நிற்கும். இயக்கக் கோப்போ டீபக் என்ற உள் ஃபோல்டரில் இருக்கும். அதே இயக்கக் கோப்பை எக்ஸ்புளோரரில் இரட்டைச் சொடுக்கினால் நிற்கும் இடம் மாறிவிடும். எஃப்5 அடித்தால் வேலை செய்கிறது, நண்பருக்கு அனுப்பினால் வேலை செய்யவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சிலயான் என்ற ஐடிஇ தன் சிமேக் பில்ட் ஃபோல்டருக்குள் போய் நிற்கும். விஎஸ் கோடில் லாஞ்ச் அமைப்புக் கோப்பின் சிடபிள்யூடி வரி முடிவு செய்யும். குறித்த நேரத்தில் நிரலை ஓடவிடும் கிரான் மூலம் ஓடினால் வீட்டு ஃபோல்டர். லினக்ஸில் பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் சர்வீஸாக ஓடினால், வொர்க்கிங் டைரக்டரி என்று தனியாக எதுவும் சொல்லாத பட்சத்தில், மூல ஃபோல்டரான / தான்.

அச்சிட்ட "நிற்கும் இடம்" வரியைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். தீர்வுக்கு இரண்டு வழி: முழுப் பாதை கொடுப்பது, அல்லது பாதையை கட்டளை வரியில் வாங்கிக்கொள்வது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. முழுப் பாதையை நிரலுக்குள் எழுதி வைப்பவர்கள் அடுத்த கணினிக்குப் போனதும் இதே எண் 2-ஐ மறுபடி சந்திக்கிறார்கள்.

இடம் சரியாக இருந்தும் 2 வந்தால் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் இயல்பாகப் பின்னொட்டை மறைக்கும்; நோட்பேடில் சேமித்தது உண்மையில் .டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆகியிருக்கலாம். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் வெவ்வேறு பெயர்; விண்டோஸிலும் இயல்பான மேக் அமைப்பிலும் ஒன்றுதான். அங்கே எழுதிப் பார்த்த நிரலை லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் கோப்புகள் காணாமல் போவது இதனால். பாதை ~ குறியில் தொடங்கினால், அதை வீட்டு ஃபோல்டராக விரிப்பது ஷெல்லின் வேலை. எஃப்ஓப்பனுக்கு அது வெறும் எழுத்து.

விண்டோஸில் 32-பிட்டாகக் கம்பைல் செய்த நிரல் சிஸ்டம்32 ஃபோல்டரில் தேடினால், இயங்குதளம் அதை ஓசைப்படாமல் சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். எக்ஸ்புளோரரில் தெரிகிற கோப்பு நிரலுக்கு மட்டும் தெரியாது.

பட்டியலில் கடைசிக் கோப்பு மட்டும் கிடைக்கிறது

இது ஒரு நல்ல அறிகுறி. பார்த்ததும் காரணம் சொல்லிவிடலாம். கோப்புப் பெயர்களை வரி வரியாக எஃப்கெட்ஸ் வைத்து வாசிக்கிறீர்கள். எஃப்கெட்ஸ் வரியின் இறுதியில் இருக்கும் புதுவரிக் குறியையும் சேர்த்தே தரும். அதை வெட்டாமல் எஃப்ஓப்பனுக்குக் கொடுத்தால், "மதிப்பெண்கள்" என்ற கோப்பைத் தேடாமல் "மதிப்பெண்கள்" கூட்டல் புதுவரி என்ற கோப்பைத் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லை. பட்டியலின் கடைசி வரிக்குப் பிறகு என்டர் அடித்திருக்க மாட்டீர்கள். அதனால் அது மட்டும் தப்பிக்கிறது. விசைப்பலகையிலிருந்து ஒரே ஒரு பெயரை வாங்கும் நிரலில் அந்தத் தப்பிப்பும் கிடையாது, எப்போதுமே 2 வரும்.

அடைப்புக்குறி உதவுவது இங்கேதான்:

பாதை: [மதிப்பெண்கள்
]

மூடும் குறி அடுத்த வரிக்கு விழுந்துவிட்டது பாருங்கள். இன்னொரு வகையும் உண்டு. விண்டோஸில் எழுதிய பட்டியலை லினக்ஸில் வாசித்தால், புதுவரிக்கு முன்னால் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டியிருக்கும். புதுவரியை மட்டும் வெட்டிவிட்டு இதை விட்டுவைத்தால், டெர்மினலில் மூடும் குறி வரியின் ஆரம்பத்துக்குத் தாவி, "பாதை" என்ற சொல்லின் முதல் எழுத்தின் மேல் போய் உட்காரும். ஏதோ திரைக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: ஸ்ட்ர்சிஸ்பன் ஃபங்ஷனிடம் கேரேஜ் ரிட்டர்ன், புதுவரி இரண்டையும் கொடுத்து, முதலில் எது வருகிறதோ அந்த இடத்தில் 0 வைத்துவிடுவது. இரண்டுமே இல்லாவிட்டால் அது சரத்தின் முடிவைக் காட்டும், அங்கே 0 வைப்பதால் கெடுதல் இல்லை. வரியின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து வெட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசி வரியில் அது பெயரின் கடைசி பைட்டையே வெட்டிவிடும்.

நேர்மாறாக, பட்டியலின் முதல் கோப்பு மட்டும் கிடைக்கவில்லையா? பட்டியல் கோப்பின் தலையில் பிஓஎம் என்ற 3 பைட் குறி இருக்கிறது. பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால் இது வந்துவிடும். அந்த மூன்றையும் தாண்டி வாசியுங்கள், அல்லது பட்டியலை பிஓஎம் இல்லாமல் மறுபடி சேமியுங்கள்.

விண்டோஸில் எண் 22

பாதையைச் சரத்துக்குள் எழுதும்போது பின்சாய்வுக் கோட்டை ஒற்றையாகப் போட்டிருப்பீர்கள். பின்சாய்வுக்கு அடுத்து 'என்' என்ற ஆங்கில எழுத்து வந்தால் அது புதுவரி, 'டி' வந்தால் டேப். நியூ, டெஸ்ட், டெம்ப், நோட்ஸ் என்று ஃபோல்டர் பெயர் வைப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். அத்தனையும் இந்த வலையில் விழும் பெயர்கள். விண்டோஸ் பெயருக்குள் புதுவரியோ டேப்போ இருக்கக் கூடாது என்பதால் "செல்லாத வாதம்" என்ற 22 வருகிறது. பின்சாய்வை இரட்டிப்பாக்குங்கள், அல்லது முன்சாய்வையே போடுங்கள். விண்டோஸில் எஃப்ஓப்பன் முன்சாய்வையும் ஏற்றுக்கொள்ளும்.

இருந்தால் 'இல்லை', இல்லாவிட்டால் 'இருக்கிறது'

பதில் தலைகீழாக வருகிறதென்றால் ஆக்சஸையோ ஸ்டாட்டையோ நேராக இஃப்-க்குள் போட்டிருப்பீர்கள். இரண்டும் வெற்றிக்கு 0, தோல்விக்கு -1 திருப்பும். சி-யில் 0 என்றால் பொய். ஆகவே கோப்பு இருக்கும்போது இஃப் பொய்யாகிறது. "== 0" என்று முழுதாக எழுதுங்கள். ஆச்சரியக்குறி போட்டுத் திருப்புவதும் சரிதான், ஆனால் ஆறு மாதம் கழித்து வாசிப்பவர் தலையைச் சொறிவார்.

இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது: கோப்பு இல்லாவிட்டால் ஒழுங்காக "இல்லை" என்கிறது, இருந்தாலோ நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்து விழுகிறது. உங்கள் வரி இப்படி இருக்கும்:

இஃப் (எஃப்பி = எஃப்ஓப்பன்(பெயர், "ஆர்") == நல்)

"=" குறியைவிட "==" குறிக்கு முன்னுரிமை அதிகம். எனவே முதலில் ஒப்பீடு நடக்கிறது. அதன் விடையான 0 அல்லது 1 போய் எஃப்பி-யில் உட்காருகிறது. கோப்பு இல்லாதபோது விடை 1, இஃப் உண்மை, செய்தி சரியாக வருகிறது. கோப்பு இருக்கும்போது விடை 0, அதாவது எஃப்பி நல் ஆகிவிடுகிறது. இஃப் பொய் என்பதால் நிரல் தைரியமாக அந்த நல்லைக் கொண்டு வாசிக்கப் போகிறது. திறந்த கோப்பின் உண்மையான பாயின்டர் யாரிடமும் இல்லை. "எஃப்பி = எஃப்ஓப்பன்(...)" பகுதியைத் தனி அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அதைவிட நல்லது, இரண்டு வரியாகப் பிரித்துவிடுவது. பழைய ஜிசிசி கம்பைலர் இதற்கு எச்சரிக்கை மட்டும் தரும். 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் முழுப் பிழையாகவே நிறுத்திவிடுகிறது. எச்சரிக்கைகளைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்களுக்கு அது ஒரு நல்ல காரியம்.

எண் 13: கோப்பு இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது

லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்க அந்தக் கோப்பின் மேல் வாசிப்பு உரிமை மட்டும் போதாது. பாதையில் வரும் ஒவ்வொரு ஃபோல்டரின் மேலும் எக்ஸ் உரிமை, அதாவது உள்ளே நுழையும் உரிமை, வேண்டும். கோப்பின் உரிமையை 644 (எல்லோரும் வாசிக்கலாம்) என்று மாற்றிவிட்டு, "இன்னும் வரவில்லையே" என்று குழம்புகிறவர்கள் மேலே இருக்கும் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை. நேம்ஐ கட்டளையை -எல் விருப்பத்தோடு ஓடவிட்டால் பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எங்கே அடைபடுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

கோப்பு இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும், வாசிக்கப் போவதில்லை என்றால் ஸ்டாட் போடுங்கள். அதற்குக் கோப்பின் மேல் எந்த உரிமையும் வேண்டாம், ஃபோல்டர்களின் எக்ஸ் உரிமை மட்டும் போதும்.

ஆக்சஸ் "முடியும்" என்று சொல்லி எஃப்ஓப்பன் 13 அடித்தாலோ, அல்லது நேர்மாறாக நடந்தாலோ, நிரல் செட்யூஐடி-யாக, அதாவது ஓடவிட்டவரின் உரிமையில் அல்லாமல் நிரல் கோப்பின் உரிமையாளரின் உரிமையில், ஓடுகிறதா என்று பாருங்கள். ஆக்சஸ் பார்ப்பது நிரலை ஓடவிட்ட உண்மையான பயனரின் உரிமையை. திறப்பது நடப்பதோ நிரலின் செயல்படு உரிமையில். விண்டோஸில் _ஆக்சஸ் இன்னும் மேலோட்டமானது: கோப்பு இருக்கிறதா, 'ரீட்-ஒன்லி' குறி போட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, அனுமதிப் பட்டியலைப் புரட்டாது. 0, 2, 4, 6 தவிர வேறு மதிப்பும் அதற்குக் கூடாது. லினக்ஸில் எழுதிய எக்ஸ்_ஓகே, அதாவது 1, அங்கே செல்லாது.

விண்டோஸில் 13 வந்தால் இன்னும் இரண்டு சந்தேகம்: கொடுத்தது ஃபோல்டரின் பாதையாக இருக்கலாம், வேறொரு நிரல், உதாரணத்துக்கு எக்செல், கோப்பைப் பகிராமல் பிடித்து வைத்திருக்கலாம். மேக்கில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் தொடும்போது எண் 1 வந்தால் அது தனியுரிமை அமைப்பின் தடை. சிஸ்டம் செட்டிங்ஸில் டெர்மினலுக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

'இருக்கிறது' என்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை

லினக்ஸில் ஒரு ஃபோல்டரின் பெயரை "ஆர்" முறையில் எஃப்ஓப்பனுக்குக் கொடுத்துப் பாருங்கள், சமர்த்தாகத் திறந்துவிடும். வாசிக்கப் போகும்போதுதான் எண் 21, "இது ஃபோல்டர்" என்று தோற்கும். எஃப்கெட்ஸ் நல் திருப்புவதைக் கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் நிரலுக்கு அது காலிக் கோப்பு போலத் தெரியும். "கோப்பு இருக்கிறதா" என்று கேட்கும்போது பெரும்பாலும் நாம் சாதாரணக் கோப்பைத்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். ஸ்டாட் கொடுத்த விவரத்தில் எஸ்_ஐஎஸ்ரெக் மேக்ரோவைப் போட்டு அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் சற்று வேதனையானது. இருக்கிறதா என்று பார்க்க "டபிள்யூ" முறையில் திறந்திருந்தால், கோப்பு இருந்ததுதான். நீங்கள் பார்த்த கணத்தில் அதன் உள்ளடக்கம் 0 பைட்டாக வெட்டப்பட்டுவிட்டது. "ஏ" முறை உள்ளடக்கத்தைக் கெடுக்காது, ஆனால் இல்லாத கோப்பை உருவாக்கிவிட்டு "இருக்கிறது" என்று சொல்லும். பரிசோதனைக்கு "ஆர்" மட்டும்தான்.

சோதிக்கும் வரியிலேயே நிரல் தொங்கிவிட்டால் அந்தப் பாதையில் இருப்பது ஃபைஃபோ, அதாவது இரண்டு நிரல்கள் தரவு பரிமாறும் குழாய். எழுதுகிறவர் ஒருவர் மறுமுனையைத் திறக்கும்வரை வாசிப்பதற்கான எஃப்ஓப்பன் காத்துக்கொண்டே இருக்கும். இங்கேயும் முதலில் ஸ்டாட்.

ஆயிரம் கோப்புவரை சரி, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை

எண் 24. எஃப்ஓப்பன் போட்டுச் சோதித்து, எஃப்க்ளோஸ் போட மறந்திருக்கிறீர்கள். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடியது 1024. அதில் உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு என மூன்று ஏற்கெனவே போய்விடும், மிச்சம் 1021. 1022-ஆவது கோப்பிலிருந்து எல்லாமே நல். சின்னத் தரவை வைத்துச் சோதித்தபோது தெரியவே தெரியாது. விண்டோஸில் எஃப்ஓப்பன் வழியாகத் திறப்பதற்கு இயல்பான வரம்பு 512, அங்கே இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

யூலிமிட் கட்டளையால் வரம்பை உயர்த்தச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். ஓட்டையை அடைக்காமல் வாளியைப் பெரிதாக்கும் வேலை அது. வெறும் இருப்பைச் சோதிக்க எஃப்ஓப்பனையே விட்டுவிட்டு ஸ்டாட்டுக்கு மாறினால் மூட வேண்டிய தேவையே இல்லை.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு மட்டும் கிடைக்கவில்லை

விண்டோஸில் எஃப்ஓப்பன் தனக்கு வரும் பெயரை அந்தக் கணினியின் பழைய எழுத்துப் பட்டியலின்படி புரிந்துகொள்கிறது. தமிழுக்கு அப்படியொரு பட்டியல் விண்டோஸில் என்றுமே இருந்ததில்லை. தமிழ் அங்கே யூனிகோடு வழியாக மட்டுமே. ஆகவே நிரலுக்குள் யூடிஎஃப்-8 ஆக எழுதிய தமிழ்ப் பெயர் வேறு ஏதோ குறிகளாகப் படிக்கப்பட்டு, எண் 2 வருகிறது. அதே பெயரை "டபிள்யூ" முறையில் திறந்தால் ஃபோல்டரில் புரியாத குறிகளோடு ஒரு புதுக் கோப்பு முளைத்திருக்கும். அதைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். பெயர் கட்டளை வரியிலிருந்து வந்தால் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அகல எழுத்துகளை ஏற்கும் _டபிள்யூஎஃப்ஓப்பனையும் டபிள்யூமெயினையும் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், நிரலோடு இணைக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு வழக்கமான எஃப்ஓப்பனையே வைத்துக்கொள்ளவும் முடியும்.

லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று இருக்கிறது. அங்கே கோப்புப் பெயர் என்பது வெறும் பைட்டுகள். "கோப்பு" என்ற பெயரில் முதல் எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஸ்ட்ர்லென் போட்டு பைட்டுகளை எண்ணிப் பாருங்கள்: முதல் வகைக்கு 18, இரண்டாவதற்கு 21. லினக்ஸுக்கு இவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒ, ஓ, ஒள வரிசை உயிர்மெய் இருக்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த கோப்புகளில் இதை எதிர்பாருங்கள். "அம்மா" கிடைக்கிறது, "கோவை" கிடைக்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்ற கான்வ்எம்வி என்ற சிறு கருவி உண்டு.

கூடவே நீளம். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைப்பவர்களுக்கு எண் 36 வருவது இப்படித்தான்.

ஸ்டாட் 'இல்லை' என்கிறது, உருவாக்கப் போனால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்கிறது

அந்தப் பெயரில் இருப்பது அறுந்த சிம்லிங்க், அதாவது வேறொரு பாதையைக் காட்டும் இணைப்பு. அது காட்டும் இலக்கு அழிந்துவிட்டது. ஸ்டாட்டும் ஆக்சஸும் இணைப்பைத் தொடர்ந்து போய் இலக்கைத் தேடுவதால் 2 தருகின்றன. "இருந்தால் உருவாக்காதே" என்ற கட்டளையோடு திறக்கும்போது இணைப்பே ஒரு பெயராகக் கணக்கில் வருவதால் 17. இணைப்பைத் தொடராமல் பார்க்க எல்ஸ்டாட்.

பெரிய கோப்புக்கு மட்டும் தோல்வி

32-பிட் லினக்ஸில், 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பில் எண் 75 வந்தால், கம்பைல் செய்யும்போது ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் மேக்ரோவை 64 என்று கொடுங்கள். பழைய ராஸ்பெரி பை பலகைகளில் இது இன்னும் வருகிறது.

சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை

இதுதான் எல்லாவற்றிலும் வம்பானது. டீபக்கரில் அடி அடியாக ஓட்டினால் வராது, சுமை ஏறிய சர்வரில் மட்டும் வரும். உங்கள் நிரல் முதலில் ஆக்சஸ் போட்டுப் பார்க்கிறது, பிறகு திறக்கிறது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் வேறொரு நிரல் கோப்பை அழிக்கலாம், உருவாக்கலாம், பெயர் மாற்றலாம். ஆக்சஸ் சொன்ன பதில், சொன்ன அடுத்த கணமே பழையதாகிவிடும்.

பூட்டுக் கோப்பை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டும் வேலை செய்ய வைக்கும் அடையாளக் கோப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிரலின் இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முதல் பிரதி பார்க்கிறது, பூட்டு இல்லை. இரண்டாம் பிரதி பார்க்கிறது, பூட்டு இல்லை. முதல் பிரதி அதை உருவாக்கித் தன் புராசஸ் எண்ணை எழுதுகிறது. இரண்டாம் பிரதியும் "டபிள்யூ" முறையில் உருவாக்கி, முதல் பிரதி எழுதிய எண்ணை அழித்துத் தன் எண்ணை எழுதுகிறது. இப்போது இரண்டுமே பூட்டு தன்னிடம் இருப்பதாக நம்புகின்றன. நடுவில் ஸ்லீப் போட்டோ, இரண்டு தடவை சோதித்தோ இதைச் சரி செய்ய முடியாது. இடைவெளியின் அகலம்தான் மாறும்.

சோதனையையும் செயலையும் ஒரே அழைப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு என்பதற்கு, ஓப்பன் அழைப்பில் ஓ_கிரியேட், ஓ_எக்ஸ்க்ள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்; அல்லது 2011-ஆம் ஆண்டின் சி தரம் சேர்த்த "டபிள்யூஎக்ஸ்" முறையில் எஃப்ஓப்பன் போடுங்கள். இரண்டு பிரதிகளில் ஒன்றுக்குத்தான் கோப்பு கிடைக்கும், மற்றதற்கு 17 வரும். வாசிப்பதென்றால் முன்சோதனையே வேண்டாம்: திற, தோற்றால் எர்நோ 2-ஆ என்று பார். சாதாரணக் கோப்புதானா என்று தெரிய வேண்டுமானால், திறந்த பிறகு கிடைக்கும் கைப்பிடியை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்ணை) வைத்து எஃப்ஸ்டாட் கேளுங்கள். பாதை மாறினாலும் கைப்பிடி மாறாது. நம்பகமில்லாதவர்கள் எழுதக்கூடிய ஃபோல்டரில் ஃபைஃபோ இருக்கலாம் என்ற பயம் இருந்தால், காத்திருக்காமல் திறக்கச் சொல்லும் ஓ_நான்பிளாக் சேர்த்துத் திறந்துவிட்டு எஃப்ஸ்டாட் பாருங்கள்.

முன்கூட்டியே "இருக்கிறதா" என்று கேட்பதற்கு நான் ஏற்கும் இடம் ஒன்றுதான்: "இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, மேலெழுதவா?" என்று பயனரிடம் கேட்பதற்கு. அங்கே பதில் சற்றுப் பழையதானாலும் குடி முழுகாது. மற்றபடி, முக்கியமாக செட்யூஐடி நிரல்களில், ஆக்சஸ் வைத்துப் பாதுகாப்பு பார்ப்பதை ஆக்சஸின் கையேட்டுப் பக்கமே வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

வலைவழி வட்டில் இன்னொரு தினுசு உண்டு. என்எஃப்எஸ் வட்டில் வேறொரு கணினி இப்போதுதான் உருவாக்கிய கோப்பு உங்கள் கணினிக்கு 30 முதல் 60 விநாடிவரை தெரியாமல் இருக்கலாம். "இல்லை" என்ற பழைய பதிலையே அது நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்கிறது. அடுத்த கணினியில் எல்எஸ் அடித்தால் இருக்கிறது, இங்கே 2 என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

நிரல் சொல்வதை விட்டுவிட்டு, கெர்னலிடம் உண்மையில் என்ன கேட்கப்பட்டது என்று பாருங்கள். லினக்ஸில் எஸ்ட்ரேஸ் கருவியை, கோப்பு சார்ந்த அழைப்புகளை மட்டும் காட்டும் வடிகட்டியோடு ஓடவிடுங்கள். நிரல் தொட்ட ஒவ்வொரு பாதையும் மேற்கோள் குறிக்குள், மறைந்த எழுத்துகள் உட்பட, கிடைத்த விடையோடு வரிவரியாக வரும். முதல் இருபது முப்பது வரிகள் நூலகங்களை ஏற்றும் சத்தம். உங்கள் கோப்பின் பெயரைத் தேடி அங்கிருந்து வாசியுங்கள். பெயரே எங்கும் வரவில்லையென்றால் நிரல் அந்த வரிக்கே போய்ச் சேரவில்லை, அல்லது நீங்கள் ஓடவிடுவது பழைய இயக்கக் கோப்பு. விண்டோஸில் இதே வேலையை புராசஸ் மானிட்டர் செய்யும். நிரலின் பெயரை வடிகட்டியாகக் கொடுத்து, விடை நெடுவரிசையில் "நேம் நாட் ஃபவுண்ட்", "பாத் நாட் ஃபவுண்ட்", "ஷேரிங் வயலேஷன்" என்பவற்றில் எது நிற்கிறது என்று பாருங்கள்.